கார்த்திகைக் கிழங்கு: நஞ்சும் மருந்தும்

மாரி மழை பெய்து பெரும்போக வயல்கள் பச்சை பிடிக்கும் காலத்தில், வேலிகளிலும் பற்றைகளிலும் தீச்சுடர் போன்ற பூக்களைத் தாங்கிய கொடியொன்று படர்ந்து நிற்பதைக் கமக்காரர் பலரும் கண்டிருப்பர். இதனைக் கார்த்திகைப்பூக் கொடி என்கிறோம். கிழங்கு கலப்பையின் வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும் பெயர் உண்டு. தமிழ்நாட்டில் கண்வலிக் கிழங்கு, செங்காந்தள் என்பர். சிங்களத்தில் இது நியங்கலா. தாவர நூலார் இட்ட பெயர் குளோரியோசா சுப்பேர்பா. குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிக் கூறப்படும் 99 பூக்களுள் முதலாவதாக நிற்பது இதுவே. இன்று தமிழ்நாட்டின் மாநிலப் பூவாகவும், ஆபிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தேசியப் பூவாகவும் விளங்குகிறது.

இச்செடியைக் குறித்து மக்களிடையே இருவகைப் பேச்சு உண்டு. கொடிய நஞ்சு என்பார் ஒருசாரார். கைகண்ட மருந்து என்பார் மற்றொரு சாரார். இரண்டும் மெய்யே. நஞ்சு செடியின் உடலெங்கும் நிறைந்துள்ளது. மருந்தோ அளவிலே தங்கியுள்ளது. அந்த அளவை அறியும் கருவி வைத்தியரிடமும் மருந்துச்சாலையிடமும் உண்டு. வீட்டு அடுப்படியிலும் தோட்டத்துக் குடிலிலும் இல்லை. இந்த வேறுபாட்டை விளக்குவதும், வீரமுனை, சம்மாந்துறை வயல்வெளிகளிலும், காரைதீவு, கல்முனை, நிந்தவூர்க் கரையோர மணற்றரைகளிலும் பயிர் செய்வோர் இச்செடியிடம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதைக் கூறுவதுமே இத்துண்டுப் பிரசுரத்தின் நோக்கமாகும்.

செடியின் அடையாளம்

இது பற்றிப் படரும் மெல்லிய கொடி. இலையின் நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறியிருக்கும். அந்த நுனியால் அருகில் உள்ள கம்பையோ செடியையோ பிடித்துக்கொண்டு ஏறும். வேறு பூ, காய் எதுவும் இல்லாத போதும் இந்த ஓர் அடையாளத்தால் செடியை அறிந்துகொள்ளலாம். பூவின் ஆறு இதழ்களும் அலையலையாய் நெளிந்து மேல்நோக்கி மடங்கி நிற்கும். பூ விரியும்போது அடி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் இருந்து, நாட்செல்ல முழுவதும் செந்நிறம் அடையும். காய் மூன்று பிளவாக வெடிக்கும். உள்ளே செம்மஞ்சள் நிற விதைகள் மணிகள் போல் ஒட்டிக்கொண்டிருக்கும். சிறுவர்கள் இவ்விதைகளைக் கண்டு ஆசைப்பட்டுப் பறிப்பதுண்டு.

நிலத்தின் கீழ் உள்ள கிழங்கு இரு கைகளாகப் பிரிந்து வளைந்திருக்கும். விரல் பருமனிலிருந்து அதனினும் தடித்தது வரை காணலாம். தோல் மங்கிய பழுப்பு, உள்ளே வெண்மை. ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு முளை உண்டு. ஆகையால், மண்வெட்டி பட்டுக் கிழங்கு இரண்டாக ஒடிந்தால், ஒரு கொடி நின்ற இடத்தில் அடுத்த மாரியில் இரண்டு கொடிகள் எழும்.

ஆபத்து நேரும் காலம்

பூத்து நிற்கும் காலத்தில் இச்செடியால் தவறு நேர்வது குறைவு. பூவே எச்சரிக்கையாக இருக்கிறது. மழை ஓய்ந்து வெயில் ஏறியதும் கொடி வாடிக் காய்ந்து, காற்றோடு போய்விடுகிறது. மேலே யாதோர் அடையாளமும் இராது. கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். அந்தக் காலத்திலேதான் கமக்காரர் வேலியோரத்தைக் கொத்தி மேட்டுநிலப் பயிருக்குப் பண்படுத்துகிறார். முன்போகத்து வற்றாளங்கிழங்கின் மிச்சங்களைக் கிண்டி எடுப்பதும் அப்போதே. மண்வெட்டியில் அகப்படும் வெள்ளைக் கிழங்கு எதுவென்று இலையைப் பார்த்து அறிய அவ்வேளை வழியில்லை. கழுவிக் கூடையில் இட்டபின் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும்.

வற்றாளங்கிழங்கு கதிர் போல நடு பருத்து இரு முனையும் ஒடுங்கியது. வெட்டினால் பால் கசியும். கார்த்திகைக் கிழங்கு முழங்கை போல வளைந்தது. எனினும் கிழங்கு ஒடிந்துவிட்டால் இவ்வேறுபாடும் மறைந்துவிடும். கடித்துச் சுவைத்துப் பார்ப்பது எக்காரணம் கொண்டும் ஆகாது. ஆகவே உறுதியான விதி ஒன்றே: நீர் நட்டு, நீர் கொடி கண்டு, நீர் கிண்டிய கிழங்கே உணவு. தானாக அகப்பட்ட கிழங்கு எதுவாயினும் உணவன்று. அவித்தால் நஞ்சு நீங்கிவிடும் என்று எண்ணுவோர் உளர். இந்நஞ்சு வெப்பத்தால் அழிவதில்லை; அவித்த கிழங்கும் பச்சைக் கிழங்கைப் போன்றே கொடியது.

நஞ்சு உடலில் செய்யும் வேலை

இச்செடியில் உள்ள முதன்மையான நச்சுப்பொருளின் பெயர் கொல்கிசின். இலை, தண்டு, பூ, விதை, கிழங்கு ஆகிய யாவற்றிலும் இது உண்டு. கிழங்கிலும் விதையிலும் மிகுதி. உயிருள்ள உடலில் ஓர் அணு இரண்டாகப் பிரிந்தே புதிய அணு தோன்றுகிறது. அவ்வாறு பிரிவதற்கு அணுவினுள்ளே நுண்ணிய நூல்கள் போன்ற அமைப்பு உருவாக வேண்டும். கொல்கிசின் அந்நூல்கள் உருவாகாமல் தடுத்துவிடுகிறது. ஆகவே உடலில் எந்தப் பாகத்தில் அணுக்கள் விரைவாகப் பெருகுகின்றனவோ அந்தப் பாகமே முதலில் தாக்குண்ணும். குடலின் உட்தோல், இரத்தத்தை ஆக்கும் எலும்பு மச்சை, மயிர்க்கால் ஆகியன அத்தகையன.

நோய்க்குறிகள் தோன்றும் ஒழுங்கும் இதனாலேயே விளங்கும். உண்டவுடன் ஒன்றும் தெரியாது. இரண்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலங்களுக்குள் வாயும் தொண்டையும் எரிந்து, வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். சில வேளை இரத்தமும் கலந்து போகும். அடுத்த சில நாட்களில் இரத்த அழுத்தம் தாழ்ந்து, சிறுநீரகம், ஈரல், இருதயம் என்பன தளரலாம். இரத்த அணுக்கள் குறையலாம். இக்கட்டத்தைத் தாண்டிப் பிழைத்தவருக்கு ஒன்றிரண்டு வாரங்களின் பின் தலைமயிர் உதிரும். இலங்கையில் இக்கிழங்கை உண்ட ஓர் இளம்பெண்ணுக்குத் தலைமயிரும் உடல்மயிரும் முற்றாக உதிர்ந்த செய்தி 1966ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் வெளியாயிற்று. இந்நஞ்சைப் பற்றி எழுதுவோர் இன்றும் அக்குறிப்பை எடுத்துக்காட்டுவர்.

எவ்வளவு உண்டால் ஆபத்து என்பதையும் அறிதல் நன்று. 10 கிராம் கிழங்கில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் கொல்கிசின் இருக்கும் என மதிப்பிட்டுள்ளனர். வைத்தியர் கொடுக்கும் கொல்கிசின் குளிசை ஒன்றில் உள்ளதோ அரை மில்லிகிராம். எனவே 10 கிராம் கிழங்குத் துண்டு பன்னிரண்டு குளிசைகளுக்கு ஈடாகும். 7 மில்லிகிராம் அளவு உட்கொண்டோரும் இறந்தமை மருத்துவ நூல்களில் பதிவாகியுள்ளது. மேலும், மண், பருவம், கிழங்கின் வயது ஆகியவற்றுக்கேற்ப நஞ்சின் அளவு கூடியும் குறைந்தும் இருக்கும். சென்ற ஆண்டு ஒருவருக்குத் தீங்கு செய்யாத அளவு இவ்வாண்டு உயிரை வாங்கலாம்.

நாட்டு வைத்தியத்தில் இதன் இடம்

நம் முன்னோர் இந்நஞ்சை அறியாதவர் அல்லர். வடமொழி நூல்கள் இதனை லாங்கலி என அழைத்து, உபவிஷங்கள் என்னும் நச்சு மூலிகை வகையுள் சேர்த்துள்ளன. சித்த, ஆயுர்வேத வைத்தியர் இக்கிழங்கைச் சுத்தி செய்யாமல் எடுத்தாளுவதில்லை. மெல்லிய வில்லைகளாக அரிந்து, உப்பிட்ட மோரில் இரவில் ஊறவைத்துப் பகலில் உலர்த்துதலும், கோமூத்திரத்தில் ஊறவைத்தலும் அச்சுத்தி முறைகளுட் சில. சுத்தியின் பின்னும் மிகச் சிறிய அளவே மற்றைச் சரக்குகளோடு கூட்டப்படும். புண், சரும நோய், மூட்டுவீக்கம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் வெளிப்பூச்சாகவே வழங்கிவந்துள்ளனர். சுத்தி செய்வதனால் நஞ்சு குறையும், முற்றாக நீங்காது. எவ்வளவு குறைந்தது என்பதைக் கண்ணால் அறியவும் இயலாது. முறைகளை இங்கே குறிப்பிட்டது முன்னோர் இதனை எவ்வளவு அஞ்சிக் கையாண்டனர் என்பதைக் காட்டுவதற்கேயன்றி, வீட்டில் செய்துபார்ப்பதற்கன்று.

இச்செடிக்குக் கர்ப்பகாதினி என்றொரு பெயரும் உண்டு. கருவை அழிப்பது என்பது அதன் பொருள். பிரசவம் இலகுவாக வேண்டுமென்று கிழங்கை அரைத்துப் பூசும் வழக்கமும், கருவைக் கலைக்க உட்கொள்ளும் கொடுமையும் பழங்காலத்தில் இருந்தன. தாயின் உயிரும் சேர்ந்து போவதற்கு அது வழி. கருவுற்ற பெண்கள் இக்கிழங்கை உள்ளுக்கும் வெளிக்கும் தீண்டாதிருத்தல் வேண்டும்.

வயலில் இறங்கி வேலை செய்வோர் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உளது. பாம்புக்கடிக்கும் தேள்கடிக்கும் இக்கிழங்கை உரைத்துப் பூசுவது நெடுங்கால வழக்கம். நெல்வயலில் கண்ணாடிப் புடையன் தீண்டினால், பூச்சிலும் கட்டிலும் கழியும் ஒவ்வொரு நாழிகையும் நஞ்சு பரவுவதற்கே உதவும். பாம்பு நஞ்சை முறிப்பது வைத்தியசாலையில் ஊசி வழியாக ஏற்றப்படும் நஞ்சுமுறி மருந்து ஒன்றே. கடியுண்டவரை அசையவிடாது உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். கிழங்கைத் தேடி வேலிக்குச் செல்லாதீர்கள்.

யூனானி வைத்தியத்திலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. மூட்டு நோவுக்கு ஹக்கீம்கள் வழங்கும் சூரிஞ்சான் என்னும் சரக்கு, கார்த்திகைக் கொடிக்கு உறவான வேறொரு செடியின் கிழங்கு. அதிலும் கொல்கிசினே உள்ளது. இப்னு சீனா (980-1037) இயற்றிய அல்-கானூன் என்னும் பெருநூலிலும் சூரிஞ்சான் கூறப்பட்டுள்ளது. யூனானி நூலார் இதனை இனிப்பு, கசப்பு என இரண்டாக வகுத்து, இனிப்பை உள்ளுக்கும், கசப்பை நச்சுத்தன்மை மிக்கதெனக் கருதி வெளிப்பூச்சுக்கும் ஒதுக்கினர். வெவ்வேறு நாட்டு வைத்தியர்கள், வெவ்வேறு மொழியில் எழுதியோர், ஒரே எச்சரிக்கையை வந்தடைந்திருப்பது நோக்கத்தக்கது.

இலங்கையில் சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றும் 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டத்தின்கீழ் வருவன. யூனானி கொழும்புப் பல்கலைக்கழகத்திலும், சித்த மருத்துவம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. ஆகவே மூலிகை மருந்தை நாடுவோர், பதிவுபெற்ற வைத்தியரையே நாடலாம். சந்தையில் கிழங்கை அரைத்து விற்பவரிடம் செல்ல வேண்டிய தேவை எவருக்கும் இல்லை.

மேல்நாட்டு மருந்தில்

கொல்கிசினை ஐரோப்பியச் செடியொன்றின் கிழங்கிலிருந்து 1820ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு இரசாயன அறிஞர்களான பெல்லெத்தியே, கவந்து என்போர் பிரித்தெடுத்தனர். கௌட் எனப்படும் மூட்டுவாத நோய்க்கு இது இன்றும் வழங்கப்படுகிறது. அந்நோயில் மூட்டினுள் யூரிக் அமிலத்தின் துகள்கள் படிய, வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வீக்கத்தையும் பெருநோவையும் உண்டாக்கும். வெள்ளணுக்கள் அவ்வாறு திரள்வதைக் கொல்கிசின் தணிக்கிறது. முன்னாளில் வாந்தியும் வயிற்றோட்டமும் தோன்றும்வரை கொடுத்துவந்தனர். 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, ஒரு நாளில் 1.8 மில்லிகிராம் மட்டுமே கொடுத்தாலும் பெரிய அளவு தரும் அதே பயன் கிட்டும் என்றும், தீங்கு மிகக் குறையும் என்றும் காட்டியது. 2023ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டு நிருவாகம், நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் என்னும் அளவில் சில இருதய நோயாளருக்கும் இம்மருந்தை அனுமதித்தது.

ஒரு மில்லிகிராமின் பாதியே மருந்து. ஏழு மில்லிகிராமில் சாவும் நேரலாம். இரண்டுக்கும் இடையே உள்ள வெளி இவ்வளவு குறுகியது. இக்குறுகிய வெளியில் நடப்பதற்கு நிறுத்து அளந்த குளிசை வேண்டும். கிழங்கில் அந்நிறுவை இல்லை.

ஹோமியோபதியில்

ஹோமியோபதி என்னும் வைத்திய முறையை வகுத்தவர் ஜெர்மானிய வைத்தியரான சாமுவேல் ஹானிமன் (1755-1843). நலமுள்ளவரிடம் எந்தக் குறிகளைத் தோற்றுவிக்குமோ, அக்குறிகள் உள்ள நோயாளிக்கு அதே பொருளை நுண்ணளவில் கொடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இம்முறையில் கொல்ச்சிக்கம் என வழங்கும் மருந்து, கொல்கிசினைத் தந்த அதே ஐரோப்பியச் செடியிலிருந்து ஆக்கப்படுவது. மூட்டு நோவோடு, சமையலின் வாசனை பட்டதுமே குமட்டும் நோயாளிக்கு இது உரியதென அவர்தம் நூல்கள் கூறும். நஞ்சுண்டவர் குமட்டி வாந்தியெடுப்பதை நினைத்தால், இக்குறி எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

நுண்ணளவு என்பது எத்தகையது? தாய்த் திராவகம் எனப்படும் மூலச் சாற்றில் ஒரு பங்கை எடுத்து 99 பங்கு மதுசாரத்துடன் கலந்து குலுக்கினால் முதலாம் வீரியம். அதில் ஒரு பங்கை மீண்டும் 99 பங்குடன் கலந்தால் இரண்டாம் வீரியம். ஆறாம் வீரியத்தில் இலட்சம் கோடியில் ஒரு பங்கே மிஞ்சும். கமக்காரருக்கு விளங்கச் சொன்னால், நாற்பது ஏக்கர் வயலில் ஓரடி ஆழத்துக்கு நீர் கட்டி, அதில் ஒரே ஒரு துளி சாற்றை விட்டதற்கு அது சமம். முப்பதாம் வீரியத்தில் மூலப்பொருளின் ஓர் அணுக்கூறேனும் இருக்குமென எதிர்பார்க்க இயலாது. ஆகவே உயர்ந்த வீரியங்களில் நஞ்சும் இல்லை. அவற்றால் நோய் தீர்கிறதா என்பதில் அறிஞர் கருத்து வேறாகும்: ஆவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆராய்ச்சிச் சபை பல ஆய்வுகளையும் தொகுத்து நோக்கி, எந்த நோய்க்கும் ஹோமியோபதி பயன் தருமென்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை என 2015ஆம் ஆண்டில் அறிவித்தது. எனினும் நம் நாட்டில் இம்முறையை நாடுவோர் உளர். 1970ஆம் ஆண்டிலும் பின்னர் 2016ஆம் ஆண்டிலும் பாராளுமன்றம் இதற்கெனச் சட்டம் இயற்றியுள்ளது.

இங்கே நம் கவனத்துக்குரியது வேறொன்று. "ஹோமியோபதி மருந்தில் சேர்க்கிறார்கள், எனவே இச்செடி தீங்கற்றது" என்று சிலர் முடிவு கட்டுவதுண்டு. அது பெருந்தவறு. தீங்கின்மை நீர்த்தலால் வந்தது, செடியால் வந்ததன்று. நீர்க்காத தாய்த் திராவகம் நஞ்சே. வேலியிலிருந்து பிடுங்கிய கிழங்கை மதுசாரத்தில் ஊறவைத்து ஹோமியோபதி மருந்து எனக் கொடுப்போர், நாற்பது ஏக்கர் நீரில் விடவேண்டியதைக் குவளையில் விட்டுக் கொடுப்பவராவர்.

பயிர் விருத்தியில் இந்நஞ்சின் உதவி

அணுப் பிரிவைத் தடுக்கும் இதே தன்மை கமத்தொழிலுக்கு ஒரு நன்மையும் செய்துள்ளது. நாற்றின் குருத்தில் கொல்கிசின் கரைசலை இட்டால், அணு பிரியாமல் நின்று, அதனுள் உள்ள நிறமூர்த்தங்கள் இரட்டிக்கின்றன. இதனை அமெரிக்க அறிஞர்களான பிளேக்சிலி, ஏவரி என்போர் 1937ஆம் ஆண்டில் விளக்கினர். ஜப்பானிய அறிஞர் கிஹாரா இம்முறையைக் கையாண்டு விதையற்ற வத்தகப்பழத்தை உருவாக்கினார். சாதாரண வத்தகையில் 22 நிறமூர்த்தங்கள் உள. கொல்கிசினால் அவை 44 ஆகும். 44 உடைய செடியையும் 22 உடைய செடியையும் கலப்புச் செய்தால், பிறக்கும் செடிக்கு 33. ஒற்றைப்படையாக நிற்பதால் அச்செடி விதை கட்ட மாட்டாது. நஞ்சு படுவது தாய்ச்செடியின் முந்தைய தலைமுறை நாற்றில் மட்டுமே. நாம் உண்ணும் பழத்தில் அது இராது. அளந்து கையாளும் இடத்தில் இந்நஞ்சு எவ்வளவு பயன்படுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இதனைப் பயிரிடலாமா?

தமிழ்நாட்டில் மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரணியம் முதலிய பகுதிகளில் இக்கொடியை விதைக்காகப் பயிரிடுகின்றனர். முள்கிளுவை போன்ற உயிர்க்கம்புகளிலோ கம்பிப் பந்தலிலோ கொடியை ஏற்றுவர். பூவின் சூல்தண்டு பக்கமாக வளைந்து மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலையில் ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். நட்டு ஐந்தாறு மாதங்களில் காய் பறிக்கலாம். ஹெக்டேயருக்கு 200 முதல் 250 கிலோ வரை விதை கிடைக்கும். விதைகள் மருந்து உற்பத்திக்கு வெளிநாடு செல்கின்றன. விலையோ ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் ஏறி இறங்கும். வாங்குவோர் சிலரே ஆகையால், அவர்கள் வாங்காத ஆண்டில் விதையை வேறு எவரிடமும் விற்க இயலாது.

ஆகவே, கேள்விப்பட்ட விலையை நம்பி நெல்லோ மரக்கறியோ விளையும் நிலத்தை இதற்கு விடுவது அறிவுடைமை ஆகாது. எழுத்து மூலம் உடன்படும் கொள்வனவாளர் இருந்தாலன்றி இறங்க வேண்டாம். அவ்வாறு இறங்குவோரும், உணவுக் கிழங்கு நடும் நிலத்துக்கு வெகுதூரத்தில், வேலியடைத்த தனித் துண்டில் மட்டுமே நட வேண்டும். நடுகைக் கிழங்கை உணவுப் பொருள் வைக்கும் அறையில் ஒருபோதும் வைக்கலாகாது.

கமக்காரர் கைக்கொள்ள வேண்டியவை

1. மாரியில் பூத்து நிற்கும்போதே கொடி உள்ள இடங்களைக் கண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரு கம்பு நட்டு அடையாளம் இடுங்கள். கோடையில் அதுவே உங்களுக்கு வழிகாட்டும்.

2. தோட்டத்தினுள்ளும் வீட்டு வளவிலும் உள்ளவற்றைக் கையுறை அணிந்து, மண் ஈரமாக இருக்கும்போது ஆழத் தோண்டி, கிழங்கு ஒடியாமல் முழுமையாக எடுங்கள். எடுத்தவற்றைக் குப்பையிலும் வாய்க்காலிலும் எறியாது, பிள்ளைகளும் கால்நடைகளும் அணுகாத இடத்தில் ஆழக் குழிதோண்டிப் புதையுங்கள். அதன்பின் கைகளையும் மண்வெட்டியையும் நன்றாகக் கழுவுங்கள்.

3. வற்றாளை, மரவள்ளி, இராசவள்ளி ஆகியவற்றை வேலியோரத்தில் நடாது, சிறிது இடம்விட்டு நடுங்கள். கூலியாட்களும் பிள்ளைகளும் கிண்டிய கிழங்குகளை வீட்டுக்கு எடுக்குமுன் பெரியவர் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்வையிடட்டும்.

4. ஆடு மாடுகளுக்கு வேலித்தழை வெட்டும்போது இக்கொடி கலவாமல் பாருங்கள். அவற்றையும் இந்நஞ்சு கொல்லும், பாலிலும் கலக்கக்கூடும்.

5. நல்ல காயைப் போல் அழகாக வெடித்து நிற்கும் விதைகளைப் பிள்ளைகளுக்குக் காட்டி, இவை விளையாட்டுப் பொருளல்ல எனப் பெயர் சொல்லிக் கற்பியுங்கள்.

6. எவரேனும் இக்கிழங்கையோ விதையையோ உண்டதாக ஐயம் தோன்றினால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராதீர்கள். உப்புநீர் கொடுத்து வாந்தியெடுக்கச் செய்வதும், மோரும் இளநீரும் கொடுத்துப் பார்ப்பதும் வேண்டாம். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும். கல்முனை, சம்மாந்துறை ஆதார வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ளதற்கு விரைந்து செல்லுங்கள். மிஞ்சிய கிழங்கையும் கொடியையும் ஒரு பொலித்தீன் பையில் இட்டு உடன் கொண்டு செல்லுங்கள். இல்லையேல் இதனைச் சாதாரண வயிற்றோட்டம் என எண்ண இடமுண்டு. இந்நஞ்சுக்கென முறிமருந்து வைத்தியசாலைகளில் இல்லை. ஆயினும் முதற்சில மணித்தியாலங்களில் கரி மருந்து கொடுத்தும், நீரிழப்பை ஈடுசெய்தும் பலரைக் காப்பாற்ற முடிகிறது. வாந்தி நின்றதும் வீடு திரும்ப அவசரப்படாதீர்கள். பெருந்தீங்கு இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தோன்றும்.

7. அதே பானையில் உண்ட மற்றையோருக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் அவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இச்செடியை நாட்டிலிருந்து முற்றாக அழித்துவிட வேண்டும் என்பது நம் எண்ணமன்று. காட்டிலும் பற்றையிலும் அது நிற்கட்டும்; வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வேண்டிய சொத்து அது. தோட்டத்துக்கும் சமையற்கட்டுக்கும் மட்டும் அது வரலாகாது. இவ்வாண்டு மாரியில் உங்கள் வேலியில் முதற் பூ மலர்ந்ததும், அயலவரையும் அழைத்துக் காட்டி, இலை நுனியின் சுருளையும் காயின் வடிவையும் அறியச் செய்யுங்கள். ஐயப்பாடான கிழங்கோ கொடியோ காணப்படின், உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு மாதிரியைக் கொண்டுவந்தால், விவசாயப் போதனாசிரியர் அதனை இனங்கண்டு கூறுவார்.